கல்லாங்குத்து என்று எழுதியவன் நான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கோவைப் பதிப்பில், மேற்கு மலையடிவாரத்தில் கல்திட்டைகள் (பழங்காலத்தில் இறந்தவர்களுக்காகப் பலகைக் கல் நிறுத்திக் கட்டியவை) கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு செய்தி வந்திருந்தது. படத்தில் நாலு பேர் திட்டைக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் தோளில் துண்டோடு ஒரு பெரியவர், பாதி உடம்பு படத்துக்கு வெளியே. கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர் அவர்தான் என்பது பார்த்தாலே தெரிகிறது. நாலு பேருடைய பெயரும் செய்தியில் இருக்கிறது. அவரைப் பற்றி 'அப்பகுதி பழங்குடியின முதியவர்' என்று மூன்று சொல்.

உங்கள் நிருபரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவராவது மூன்று சொல் எழுதினார். நான் அதுகூட எழுதாதவன்.

நான் ஓய்வுபெற்ற நில அளவர். சர்வேயர் என்றால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். 1984-ல் வேலைக்குச் சேர்ந்து 2016-ல் ஓய்வு பெற்றேன். அன்னூர், அவிநாசி, காரமடை, சத்தியமங்கலம் என்று 32 வருடம் கொங்கு நாட்டுக் காட்டையும் மேட்டையும் சங்கிலி போட்டு அளந்தேன். அண்ணன் தம்பி வரப்புச் சண்டையில் கல்லடி வாங்கியிருக்கிறேன், கிணற்றடிக் காட்டில் நாய் துரத்தியிருக்கிறது. அதெல்லாம் சொன்னால் பேரன் சிரிக்கிறான். இப்போது எழுதப் போவதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

1994 பங்குனி. காரமடைக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஓர் உட்பிரிவு வேலை. கிரயம் முடிந்து பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். ஊர்ப் பெயரையும் புல எண்ணையும் வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன், காரணம் பின்னால் வரும். நானும் செயின்மேனும் தலையாரியும் முதல் பஸ்ஸில் போய் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தோம். பட்டாக் காட்டுக்கு மேற்கே ஒரு புறம்போக்கு மேடு. அதற்கும் மேற்கே ரிசர்வ் காடு. மூன்று எல்லை கூடுகிற இடத்து முச்சந்திக் கல்லைத் தேடிக்கொண்டு மேட்டில் ஏறினால், வெள்வேல மரத்தடியில் பலகைப் பலகையாகக் கல் நிற்கிறது. மூன்று பக்கம் நிறுத்திய கல், தலைக்கு மேல் ஒரு மூடுகல். ஐந்து முழுசாக இருந்தன. ஆறாவது சரிந்து கிடந்தது.

"பாண்டவர் வீடுங்க சார்" என்றார் செயின்மேன். தலையாரி ஒத்துக்கொள்ளவில்லை. "குள்ளப் பசங்க இருந்த வீடுன்னு எங்க அப்பிச்சி சொல்லுமுங்க" என்றார். நான் மூடுகல்லின் மேல் ஏறி நின்று கொடிக்கம்பு தெரிகிறதா என்று பார்க்கலாமா என யோசித்துக்கொண்டிருந்தேன். உயரமான இடம், நல்ல பார்வை கிடைக்கும்.

அப்போது கீழேயிருந்து ஓர் ஆள் ஏறி வந்தார். கோவணம், மேலே யாரோ கொடுத்த பழைய காக்கிச் சட்டை. பக்கத்துப் பதியின் மூப்பன், அதாவது தலைவர், என்று தலையாரி சொன்னார். இருளர் குடியிருப்பை எங்கள் பக்கம் பதி என்றுதான் சொல்வது. அவருக்கு என் அப்பா வயது இருக்கும். நான் அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். அன்றைக்கு அது தப்பாகப் படவில்லை.

"சார், அதுல ஏறாதீங்க. எங்க ஆளுக இருக்காங்க" என்றார்.

"எங்க இருக்காங்க? ஒருத்தரையும் காணமே" என்றேன்.

குனிந்து, திட்டைக்குள் கிடந்த சருகைக் கையால் ஒதுக்கினார். உள்ளே கூழாங்கல். ஆற்றிலே உருண்ட கல், கைக்கு அடங்குகிற அளவு, சிலது நீளவாக்கில். எண்ணெய் கண்டு கறுத்துப் போன கல்லும் உண்டு, புதுசாக வெளுத்துக் கிடந்த கல்லும் உண்டு. நாற்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இது எங்கப்பன். இது எங்கப்பனப் பெத்தவன். இது சின்னாத்தா. இந்தப் பொடிசு, போன மாரியில காய்ச்சல்ல போச்சுங்க." கடைசிக் கல் எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது.

நான் எதுவும் பேசவில்லை. செயின்மேன் செருப்பைக் கழற்றிவிட்டார். அதைப் பார்த்துத்தான் நானும் கழற்றினேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது மூப்பன் கேட்டார்: "சார், மேப்புல இத எழுதுவீங்களா?"

"எழுதறேன் மூப்பா" என்றேன்.

எழுதவில்லை. மேட்டுக்கு நான் எழுதிய சொல் 'கல்லாங்குத்து'. உழவுக்கு ஆகாத, கல் துருத்திக்கொண்டு நிற்கிற நிலம் என்று பொருள். புலப்படத்தில் கோயிலுக்குக் குறி உண்டு, கிணற்றுக்குக் குறி உண்டு, சமாதிக்கும் உண்டு. ஒரு குறி போட்டுக் குறிப்புரையில் ஒரு வரி எழுத ஐந்து நிமிடம் ஆகும். எனக்கு மேலே இருந்தவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ரெண்டு கல்லுக்கெல்லாம் குறி போட்டா அப்புறம் அதுக்கு ஒரு ஃபைலு ஓடும்யா" என்றார். அவர் மேல் பழி போட மாட்டேன். அவர் அந்த இடத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சருகை ஒதுக்கிய கையைப் பார்த்தேன். மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. யோசித்துப் பார்த்தால் காரணம் அதுதான், வேறு ஒன்றும் இல்லை.

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிராமத்து அ-பதிவேடு என்பது மண்ணின் ஜாதகம். புல எண், பரப்பு, தரம், யாருடையது, என்ன வகை, கடைசியில் குறிப்புரை. அதில் ஏறியது இருக்கிறது, ஏறாதது இல்லை. ஏறாததை ஏற்றுவது எவ்வளவு பெரிய பாடு என்பது, 1979-க்கும் 1987-க்கும் நடுவில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பெயர் விட்டுப்போன குடும்பங்களுக்குத் தெரியும். யு.டி.ஆர். தப்பு என்று சொல்லிக்கொண்டு இன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். சிட்டா, கிரயப் பத்திரம், பக்கத்துக் காட்டுக்காரர் சாட்சி என்று எல்லாம் வைத்திருக்கிறவர்களுக்கே இந்தக் கதி. கூழாங்கல்லை மட்டும் வைத்திருக்கிறவர் எங்கே போவார்?

2009-ல் அதே பக்கம் வேறு வேலையாகப் போனேன். மேடு இல்லை. பக்கத்துப் பட்டாக் காடு பண்ணை மனைகளாகப் பிரிந்திருந்தது. மனைகளுக்குப் பாதை போட, மேட்டை ஜேசிபி வைத்து வழித்து மண் எடுத்திருந்தார்கள். பலகைக் கல் எல்லாம் உளி வைத்துப் பிளந்து வேலிக்குக் கால் ஆகியிருந்தது. சுத்தமாகப் பிளந்த பக்கமும் மழையில் கறுத்த பக்கமுமாக ஒவ்வொரு காலும் நின்றது. வெள்வேல மரமும் இல்லை.

இதில் கேட்க ஒன்றுமில்லை. காகிதத்தில் அது கல்லாங்குத்து. நம் மாநிலத்துத் தொல்லியல் சட்டம் 1966-ல் வந்தது. அறிவிக்கை செய்த இடத்துக்குத்தான் அதன் பாதுகாப்பு. அறிவிக்கைக்கு யாராவது எழுத வேண்டும். எழுத வேண்டியவன் கல்லாங்குத்து என்று எழுதிவிட்டான். ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். நான் நட்ட சர்வே கல்லைப் பிடுங்கினால் குற்றம், தண்டனை உண்டு. அந்தக் கல்லுக்குப் பத்தடி தள்ளி நின்ற, என்னுடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டனும் பிறக்காத காலத்துக் கல்லைப் பிடுங்கினால் ஒன்றுமில்லை.

பதிக்குள் போனேன். மூப்பன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருடைய பேத்திதான் பேசினாள், அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை. என்னை அடையாளம் தெரிய நியாயமில்லை. "பாட்டன் கல்லை எங்கம்மா வெச்சீங்க?" என்று கேட்டேன். கூரை எறவாணத்தைக் காட்டினாள். ஒரு துணி முடிச்சு செருகியிருந்தது. "வெக்க எடமில்லீங்க சார். மழைக்குள்ள வேற எடம் பாக்கலாம்னு அப்பன் சொல்லுச்சு. அதுவும் போயிருச்சு. ரெண்டு கல்லும் அதுலதான் இருக்குது" என்றாள்.

நான்தான் அந்த சர்வேயர் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. காரமடைக்கு வந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு நிறையப் படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் தெரிந்தது, மூப்பன் செய்ததை வெள்ளைக்காரர்கள் 150 வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ், மலையில் இருந்த பழைய கல்லறைகளைத் தோண்டிப் பார்த்தவர். அவர் இறந்த பிறகு 1873-ல் அவர் எழுதியது புத்தகமாக வந்தது. நீலகிரிப் பழங்குடியான குறும்பர்களில் சிலர், இறந்தவர் பேரில் நீரில் உருண்ட நீளமான கல்லைப் பழைய கல்திட்டைக்குள் வைக்கும் வழக்கத்தை அந்தக் காலத்திலேயே குறித்திருக்கிறார்கள். பிரீக்ஸ் தோண்டி எடுத்த பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. நம் கோவை மாவட்டத்துப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பற்றி வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1875-ல் எழுதியிருக்கிறார். எங்கிருந்தோ வந்தவர்கள் பார்த்து எழுதியதை, பத்து மைல் தள்ளிப் பிறந்த நான் பார்த்தும் எழுதவில்லை.

ஒரு கேள்வி வரும். இந்தத் திட்டைகளைக் கட்டியவர்கள் இருளர்களுடைய முன்னோர்தானா? அதை ஆய்வாளர்கள் சொல்லட்டும். எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. பேரூர்க் கோயிலை யார் கட்டியது என்று வரிசையாக எழுதி வைத்துவிட்டுத்தான் நாம் அங்கே திதி கொடுக்கிறோமா? யார் கட்டியிருந்தாலும், இத்தனை தலைமுறையாக அங்கே கல்லைக் கொண்டுவந்து வைத்து, சருகு ஒதுக்கி, மாடு ஏறாமல் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள். சம்பளம் வாங்காத காவல்காரர்கள்.

2021-ல் கொடுமணலுக்குப் போயிருந்தேன். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் வடகரையில் இருக்கிற ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள். 1985-ல் தொடங்கிப் பல முறை தோண்டியாகிவிட்டது. இரும்பும் எஃகும் உருக்கிய உலை, படியூர்ப் பக்கத்துப் பெரில் கல், வடக்கே குஜராத்திலிருந்து வந்த சூதுபவளம், அறுத்தும் துளையிட்டும் பாதியில் விட்ட மணிகள், தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள். 'கண்ணன் ஆதன்' என்று ஓர் ஓட்டில் இருக்கிறது. சோற்றுப் பானையில் தன் பெயரைக் கீறி வைத்தவனை எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்திலும் என் மாமியார் பெயர் வெட்டித்தான் இருக்கிறது.

அங்கே குழியில் வேலை செய்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். மண்ணைச் சலிக்கும்போது ஓர் அக்கா, கடுகு அளவு மணியைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே எடுத்தார். "களை எடுத்த கையிங்க, தெரியாம போகுமா" என்றார். அந்த வேலை அவ்வளவு பொறுமையாக நடந்ததைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது. ஒரு சாண் மண்ணுக்கு ஒரு படம், ஒரு குறிப்பு, ஓர் எண். சர்வேயருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் கொடுமணலில் படுத்திருப்பவர்களுக்கு வாரிசு யாரென்று தெரியாது. கேட்டுத் தோண்ட ஆள் இல்லை. மலையடிவாரத்தில் அப்படியில்லை. வாரிசு எதிரிலேயே நிற்கிறார், சருகை ஒதுக்கிக் காட்டுகிறார். இரண்டு இடத்துக்கும் ஒரே முறை எப்படிச் சரிப்படும்? என் அப்பாவின் சமாதியைத் திறந்து எலும்பை ஆய்வுக்கு எடுக்க யாராவது வந்தால், அவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும், முதலில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் எழுந்து போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தோண்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே தோண்டலாம், எதைத் தொடக் கூடாது, எந்த மாதத்தில் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். எனக்கே சொன்னார்களே!

சமவெளி விவசாயிகளையும் சொல்லாமல் விடக் கூடாது. கிணறு வெட்டும்போது முதுமக்கள் தாழி வந்தால், இருட்டுவதற்குள் உடைத்து மண்ணோடு மண்ணாக்கிவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். "சர்க்கார்காரன் வந்தா காடு போச்சுங்க" என்பார்கள். மண்ணுக்கடியில் கிடைக்கிற பழம்பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. தெரிவித்தால் என்ன ஆகும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அதனால் பயம். பாண்டுக்குழி என்கிற பழைய கல்லறைக்குள் தங்கம் இருக்கிறதென்று அமாவாசை இரவில் கடப்பாரையோடு போகிறவர்கள் தனி ரகம். உள்ளே இருப்பது எலும்பும் சாம்பலும் ஓடும் துருப்பிடித்த இரும்பும்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

சரி, நம் ஊரில் எந்தக் கல் தப்பித்தது என்று யோசித்துப் பாருங்கள். விளக்கு வைக்கிற கல் தப்பித்தது. அவிநாசிப் பக்கமும் தாராபுரம் பக்கமும் புலியைக் குத்துகிற வீரனுடைய கல்லை எத்தனையோ பார்த்திருக்கிறேன். காட்டின் நடுவே நின்றாலும் உழவுக்காரர் சுற்றிப் போவார். நோம்பிக்கு ஒரு பொங்கல். கல்லில் இருப்பவன் யார், எந்தக் காலம் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் கல் பத்திரம். எண்ணெய் ஊற்றி ஊற்றி எழுத்துத் தேய்ந்த கல்லும், எனாமல் பெயிண்ட் அடித்துச் சுற்றி டைல்ஸ் ஒட்டிய கல்லும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே ஆய்வாளர் வந்து, "அய்யா, பெயிண்ட் வேண்டாமே" என்று சொன்னால் கேட்பார்கள். இரண்டு பக்கமும் பேசிக்கொண்டால் இரண்டும் நிற்கும்.

பேசிக்கொள்ளாமல் செய்தி மட்டும் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்குக் கோத்தகிரிக்குக் கீழே கரிக்கையூர் இருக்கிறது. அந்தப் பாறை ஓவியங்கள் தென்னிந்தியாவிலேயே பெரிய தொகுதிகளில் ஒன்று. பெயர் பரவியது, ஆட்கள் போனார்கள், ஓவியத்தின் மேலேயே தங்கள் பெயரைக் கிறுக்கினார்கள். கோவைக்குப் பக்கத்தில் குமிட்டிபதிக்குப் பேரனைக் கூட்டிப் போனேன். வெள்ளைச் சாந்தில் வரைந்த யானையைக் காட்டுவதற்குள் இரண்டு காதல் ஜோடிகளின் பெயரைப் படித்துவிட்டான். கல்லில் பெயர் எழுதுவது நமக்குப் பழைய பழக்கம்தான். அறச்சலூர் நாகமலையில் இசையெழுத்துகளை வெட்டி வைத்தவன்கூட தேவன் சாத்தன் என்று பெயரை விட்டுப் போயிருக்கிறான். அவன் ஒரு வேலை செய்துவிட்டுப் போட்டான். நம் பையன்கள் பெயிண்ட் டப்பாவோடு போகிறார்கள்.

இதனால்தான் ஊர்ப் பெயரும் புல எண்ணும் எழுதவில்லை. உங்கள் செய்தியில் ஊர், மலை, எந்தப் பஸ்ஸில் இறங்க வேண்டும் என்பது வரை இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே எத்தனை பைக் நின்றது என்று உங்கள் நிருபரையே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிறுக்கலுக்குப் பயந்து கம்பி வேலி போட்டுப் பூட்டுகிறவர்களும் உண்டு. அப்போது முதலில் வெளியே நிற்பது யார்? கல் வைக்க வருகிற பேத்திதான். சாவி அவர்களிடம் இருக்கட்டுமே. பதியிலிருந்து இரண்டு பேரைச் சம்பளத்துக்குக் காவலுக்குப் போட்டால், கம்பியும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். எந்த இரவில் யார் வண்டி வந்தது என்று அவர்களுக்குச் சத்தத்திலேயே தெரியும்.

இனி, நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயம். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்த பழங்குடியினருக்கு அந்தக் காட்டில் உரிமை உண்டு. தங்கள் பண்பாட்டு மரபை யாரும் அழிக்காமல் காக்கிற அதிகாரத்தையும் அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவு கிராம சபைக்குக் கொடுக்கிறது. 2008-ல் வந்த விதிகளில் 13-வது விதி, என்னென்ன சான்று காட்டலாம் என்று பட்டியல் போடுகிறது. முதல் தடவை படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. பழமையைக் காட்டுகிற கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் எல்லாம் சான்று என்று இருக்கிறது.

அப்படியானால் அந்த மேட்டில் நின்றது என்ன? அவர்களுடைய பட்டா! நாற்பது கல்லில் எழுதிய வம்சாவளிப் பட்டா. நான் அதைப் பார்த்தேன், மூப்பன் படித்தும் காட்டினார். படித்ததைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டேன். பழஞ்சின்னம் போனது ஒரு நட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மலையில் தேன் எடுக்கவும் மாடு மேய்க்கவும் உரிமை கேட்டு அவர்கள் மனுப் போடும்போது கையில் காட்ட வேண்டிய காகிதமும் சேர்ந்து போயிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கினால் அதுவும் சான்று. எனக்கு இப்போது 67 வயது. பெரியவன்தானே!

தொல்லியல் துறையிலும் வருவாய்த் துறையிலும் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். இப்போது பதிவேடெல்லாம் 'தமிழ் நிலம்' மென்பொருளுக்குள் வந்துவிட்டது, புலப்படமும் கணினியில் இருக்கிறது. மலையடிவாரக் கிராமங்களில் கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு, தரிசு என்று இருக்கிற புல எண்களை மட்டும் பிரித்தெடுக்க ஒரு நாள் போதும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு சர்வேயரும் ஒரு தொல்லியல் மாணவரும் அந்தந்தப் பதியின் மூப்பனோடு நடந்து பார்க்கட்டும். மூப்பன் முன்னால் நடக்கட்டும். குவாரிக்கோ மண் எடுக்கவோ அனுமதி கொடுப்பதற்கு முன்னால் இந்த நடை நடந்தாக வேண்டும் என்று ஓர் ஆணை போட்டால், எத்தனையோ மேடு தப்பிக்கும். குறிப்புரையில் எழுதும்போது அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். சரியான இடத்தை வெளியில் விளம்பரம் செய்யாமல், பதிவேட்டில் மட்டும் வையுங்கள். இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டியதில்லை. மூன்று மணி பஸ்ஸை விட மனசு இருந்தால் போதும்.

கீழடியில் பொருட்கள் கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பார்த்து வந்தேன், பெருமையாக இருந்தது. நம் பக்கத்தில் அப்படி ஒன்று வரும்போது, ஒரு கண்ணாடிப் பெட்டியையாவது காலியாக விட்டு, இங்கே இருப்பதை அவர்களே வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதி வைத்தால் நன்றாக இருக்கும். இது கிழவன் ஆசை, விட்டுவிடுங்கள்.

போன தை மாதம் அலமாரியைக் குடைந்து என் பழைய டைரிகளை எடுத்தேன். 1994 டைரியில் அந்த நாள் இருக்கிறது. முச்சந்திக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை, ஆறு திட்டை, ஒன்று சரிந்தது, உள்ளே கூழாங்கல். அலுவலகக் காகிதத்தில் எழுதாததை டைரியில் எழுதியிருக்கிறேன். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதை வைத்து ஒரு வரைபடம் போட்டு, நான் பார்த்ததை ஒரு வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு பதிக்குப் போனேன்.

அந்தப் பேத்தி இப்போது அவர்கள் வன உரிமைக் குழுவில் இருக்கிறார். இந்தத் தடவை 'வாம்மா, போம்மா' என்று பேசவில்லை, வாங்க என்றுதான் பேசினேன். 1994-ல் அளந்த சர்வேயர் நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்டார். செம்பு நிறையக் கொண்டு வந்து வைத்துவிட்டு, தாளை வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார்.

"சார், நீங்க கல்திட்டைன்னு எழுதியிருக்கீங்க. எங்க ஆளுக அப்படிச் சொல்ல மாட்டாங்க. மனைன்னுதான் சொல்லுவாங்க" என்றார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, நாலு இடத்திலும் கல்திட்டையை ஒரே கோட்டில் அடித்து மேலே 'மனை' என்று எழுதினார். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் நான் சுருக்கொப்பம் போட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
மேட்டுப்பாளையம்.

(பெயரைப் போட வேண்டாம். கடிதம் நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். மூப்பன் பேசியதை மட்டும் வெட்ட வேண்டாம்.)